படைத்தவன் விட்ட இடம்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள், அதை ஒட்டினாற்போல் இருக்கும் யூதத் தெருவுக்குள்ளும் ஒரு நடை நுழைந்துவிட்டுத் திரும்புவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் போனேன். எர்ணாகுளத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலையிலேயே முடிந்து, சாப்பாடும் ஆகிவிட்டது. மாலை ரயிலுக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருந்தது. கல்யாண வீட்டில் சீட்டாடத் தெரியாதவனுக்கு வேறு என்ன கதி? படகு ஏறிவிட்டேன்.

சுக்கும் ஏலமும் மிளகும் மணக்கும் அந்தக் குறுகலான தெருவின் கோடியில் யூதர்களுடைய தொழுகைக்கூடம் இருக்கிறது. 1568-இல் கட்டியது. பெயர் பரதேசிப் பள்ளி. நம் ஊரில் அந்தச் சொல் வசையாகிவிட்டது. அங்கே இன்னும் அதற்கு 'வேற்று தேசத்திலிருந்து வந்தவர்' என்ற பழைய பொருள்தான். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து விரட்டப்பட்டுக் கடல் கடந்து வந்து சேர்ந்தவர்களின் கூடம் அது. தரையெல்லாம் சீனத்து ஓடுகள். வெள்ளையில் நீலத்தால் கையாலேயே சித்திரம் தீட்டியவை. ஒன்றைப் போல் இன்னொன்று இராது என்று சொல்லக் கேட்டு, குனிந்து குனிந்து நானும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

காவலுக்கு இருந்த பெரியவர் என்னை முற்றத்துக்கு அழைத்துப் போய்ச் சுவரில் பதித்திருந்த ஒரு கல்லைக் காட்டினார். கொச்சங்காடி என்ற இடத்தில் இருந்து அழிந்துபோன ஒரு பழைய தொழுகைக்கூடத்தின் கல்வெட்டாம். எபிரேய எழுத்து.

"5105-ஆம் வருஷம்" என்றார்.

"ஐயாயிரமா? எப்போதிலிருந்து?" என்று கேட்டேன்.

"லோகம் உண்டாய நாள் முதல்தான், சாரே!" என்றார். பக்கத்து வீட்டுப் பையனின் பிறந்த நாளைச் சொல்வது போல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கி.பி. 1344. யூதர்களின் பஞ்சாங்கம் கி.மு. 3761-ஐ உலகம் படைக்கப்பட்ட ஆண்டாக வைத்துக்கொண்டு எண்ணுகிறது. 2025 செப்டம்பரில் அவர்களுக்கு 5786 பிறந்தது. நமக்கு இது முற்றும் புதுமையன்று. கலியுகம் கி.மு. 3102-இல் தொடங்கியதென்று நம் பஞ்சாங்கமும் சொல்கிறது. சங்கல்பம் செய்கிற புரோகிதர் பிரம்மாவின் ஆயுளில் தொடங்கி, கல்பம், மன்வந்தரம், யுகம் என்று இறங்கி வந்து, இன்றைய திதி வாரத்தில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆனால் நம்முடைய சிருஷ்டி சக்கரம் போன்றது. உண்டாகும், அழியும், மறுபடி உண்டாகும். யூதர்களுடைய சிருஷ்டியோ ஒரு தேதி. கடைக்காரர் புதுக் கணக்குப் புத்தகத்தில் முதல் வரி எழுதுவது போல.

இந்தத் தேதிக்கு அடிப்படையான காலவரிசையை வகுத்தவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யோசே பென் ஹலஃப்தா என்பது மரபு. வேதத்தில் வரும் தகப்பன் பிள்ளை வயதுகளையும் அரசர்களின் ஆண்டுகளையும் கூட்டிக் கூட்டிக் கண்டது. மாதம் எது என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இலையுதிர் காலத்துத் திஷ்ரி மாதம் என்றார் ரபி எலியேசர். வசந்த காலத்து நிசான் என்றார் ரபி யோசுவா. பூமியின் வயதை விஞ்ஞானிகள் சுமார் 454 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அந்த வழக்கை நான் இங்கே விசாரிக்கப் போவதில்லை. ஊர் ஊராக விரட்டப்பட்ட ஒரு கூட்டம், எந்த அரசன் பட்டத்துக்கு வந்த ஆண்டையும் தன் ஆண்டாக வைத்துக்கொள்ள முடியாத ஒரு கூட்டம், 'உலகம் உண்டான நாள் எங்களுக்கும் சொந்தம்' என்று அதைப் பிடித்துக்கொண்டதே, அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வருஷ காலம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. வீட்டை இழந்த போதெல்லாம் இவர்கள் உலகம் உண்டான கதைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதை வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

முதல் பெரும் இழப்பு கி.மு. 586 வாக்கில். பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் ஜெருசலேமைத் தரைமட்டமாக்கி, ஆலயத்தைக் கொளுத்தி, மக்களில் முக்கியமானவர்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனான். அங்கே அவர்கள் கண்டது வானளாவும் கோபுரம், வாய்க்கால்கள், பிரமாதமான புத்தாண்டு விழா. அந்த விழாவில் பூசாரி மர்துக் தெய்வத்தின் சந்நிதியில் ஒரு சிருஷ்டிக் காவியத்தை ஓதுவது உண்டு. அதன் களிமண் ஏடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நினிவேயின் இடிபாடுகளில் கிடைத்தன. நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழில் கற்ற ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், தாமாகவே ஆப்பெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு, 1876-இல் அதை உலகுக்கு வெளியிட்டார். கதை பயங்கரமானது. கடல் அரக்கியான தியாமத்தை மர்துக் கொல்கிறான். அவள் உடலைக் கருவாட்டு மீனைப் போல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக மேலே நிறுத்துகிறான். தோற்றுப்போன இன்னொரு தெய்வத்தின் ரத்தத்திலிருந்து மனிதனை உண்டாக்குகிறார்கள். எதற்கு? தேவர்களுக்கு வேலை செய்ய. மனிதன் என்றால் கூலியாள்.

யூத வேதத்தின் முதல் அத்தியாயம், தமிழ் பைபிளில் ஆதியாகமம் என்று நாம் அறிந்தது, இந்தச் சிறையிருப்பின் போதோ அதை ஒட்டியோ இன்றைய உருவம் பெற்றது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து. மறுப்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எங்கோ ஒரு வாக்குவாதம் நடப்பது போல் காதில் விழாமல் இருக்காது. இங்கே யுத்தமே இல்லை. பேச்சு மாத்திரம், சொன்னவுடன் ஆகிறது. தியாமத் என்ற பெயருக்கு உறவான 'தெஹோம்' என்ற எபிரேயச் சொல் ஆழ்ந்த நீர் என்ற அளவில் வருகிறது. அரக்கி வெறும் தண்ணீராகிவிட்டாள். சூரியன், சந்திரன் என்ற பெயர்களைக்கூட அந்த அத்தியாயம் சொல்வதில்லை. பெரிய விளக்கு, சின்ன விளக்கு, அவ்வளவுதான். பாபிலோனில் சூரியனின் பெயரே தெய்வத்தின் பெயர்; அந்தப் பெயரை வாயால் சொல்லாமலே தாண்டிப் போகிறார்கள். அந்த நாடுகளில் அரசன் ஒருவனைத்தான் தெய்வத்தின் பிம்பம் என்பார்கள். இங்கே ஆணும் பெண்ணுமாகப் பிறந்த எல்லோரையும் அப்படிச் சொல்லியிருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் எசமானர் வீட்டு விழாவை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, இரவில் தங்கள் பிள்ளைகளுக்கு வேறு கதை சொல்வதாக நான் கற்பனை செய்துகொள்கிறேன். நாவல் எழுதுகிறவனின் கற்பனைதான். சரித்திர ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

அந்தக் கதையின் சிகரம் மனிதன் அல்ல, ஏழாம் நாள். படைத்தவன் ஓய்ந்திருந்தான். பிற்கால ரபிகள் இதில் ஒரு நுட்பமான கேள்வி கேட்டார்கள். ஏழாம் நாளில் வேலையை முடித்தான் என்றால், அன்றைக்கும் ஏதோ ஒன்றை உண்டாக்கியிருக்க வேண்டுமே, அது என்ன? ஓய்வையே உண்டாக்கினான் என்பது அவர்கள் கண்ட விடை. ஓய்வு நாள் பாபிலோனுக்கு முன்பே அவர்களிடம் இருந்திருக்கலாம். ஆயினும் ஆலயத்தை எதிரி கொளுத்தலாம். சனிக்கிழமையை எப்படிக் கொளுத்துவான்?

பாபிலோனிலிருந்து திரும்பிய சிலர் ஆலயத்தை மறுபடி கட்டினார்கள். அந்த இரண்டாம் ஆலயத்தை கி.பி. 70-இல் ரோமர்கள் அழித்தார்கள். 132 முதல் 135 வரை நடந்த கலகத்தில் நாடே சுடுகாடாயிற்று. எஞ்சியவர்கள் கலிலேயாவின் சிற்றூர்களில் பாடசாலைகள் வைத்து, வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்தார்கள். மிஷ்னா என்ற அந்தத் தொகுப்பு கி.பி. 200 வாக்கில் முடிந்தது. இந்த ரபிகளைப் படிப்பதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தத்துவம் பேசுவது போலவே இராது. திண்ணையில் உட்கார்ந்து வழக்கடிப்பது போல் இருக்கும்.

உலகம் உண்டான ரகசியத்தை அம்பலத்தில் பேசக்கூடாது என்று விதித்தவர்களும் அவர்களே. ஒரு சமயத்தில் ஒரு மாணாக்கனுக்குத்தான் அதைச் சொல்லலாம். இரண்டு பேர் கூடாது. வேதத்தின் முதல் எழுத்து ஏன் 'ஆலெப்' ஆக இல்லாமல் இரண்டாம் எழுத்தான 'பேத்' ஆக இருக்கிறது என்று கேட்டு, அதற்கும் காரணம் கண்டார்கள். அந்த எழுத்தின் உருவம் மூன்று பக்கம் சுவர் வைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்த கொட்டகை போல இருக்கும். மேலே என்ன, கீழே என்ன, அதற்கு முன் என்ன என்று கேளாதே. திறந்த பக்கமாக முன்னால் போ என்பதாம். ஆனால் கேளாதே என்றவர்கள் கேட்காமல் இருந்தார்களா? ஒரு தத்துவஞானி ரபான் கமாலியேலிடம் வந்து, "உங்கள் கடவுள் நல்ல சித்திரக்காரர்தான், ஆனால் அவருக்கு நல்ல வர்ணங்களும் கையருகே கிடைத்தனவே" என்று கிண்டல் செய்ததாக ஒரு கதை. இருளும் நீரும் ஆழமும் ஏற்கெனவே இருந்தவை அல்லவா என்பது அவன் வாதம். நம் சைவ சித்தாந்திகளிடம் வந்திருந்தால், "ஆமாம், குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், உலகுக்கு மாயை முதற்காரணம்" என்று சாவதானமாகப் பதில் சொல்லியிருப்பார்கள். கமாலியேல் ஒப்பவில்லை. ஒவ்வொரு வர்ணத்தையும் அவனே உண்டாக்கினான் என்று ஒவ்வொன்றுக்கும் வேத வாக்கியம் காட்டினார்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறு ஒன்று. ஆதாமை ஏன் ஒற்றை ஆளாகப் படைத்தான் என்ற கேள்விக்கு மிஷ்னா பதில் சொல்கிறது. எங்கே சொல்கிறது? சிருஷ்டியைப் பற்றிய அத்தியாயத்தில் இல்லை. கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களை நீதிபதி எப்படி எச்சரிக்க வேண்டும் என்ற சட்டப் பகுதியில்! பண வழக்கில் பொய் சொன்னால் பணத்தைக் கொடுத்துப் பரிகாரம் தேடலாம். உயிர் வழக்கில் அப்படி முடியாது. ஓர் உயிரோடு அதன் சந்ததி முழுவதும் போகிறது. ஆதாம் ஒருவனே என்பதன் பொருள், ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தான் என்பது. 'என் தகப்பன் உன் தகப்பனைவிட உயர்ந்தவன்' என்று எவனும் பேசாதிருக்கவும் அப்படிப் படைத்தானாம். பிறகு ஓர் உவமை. மனித அரசன் ஒரே முத்திரையால் நூறு காசு அடித்தால் நூறும் ஒன்று போலவே இருக்கும். கடவுள் ஆதாமின் முத்திரையால்தான் எல்லோரையும் அடிக்கிறான். ஒருவரும் இன்னொருவரைப் போல் இல்லை. இதைப் படித்தபோது மட்டாஞ்சேரித் தரையின் ஓடுகள் நினைவுக்கு வந்தன. பிற்காலப் பிரதிகள் சிலவற்றில் 'இஸ்ரவேலரில் ஓர் உயிர்' என்று குறுக்கியிருக்கிறது. நல்ல பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தக் குறுக்கல் கிடையாது. எனக்குப் பழைய பாடமே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆதாம் எல்லோருக்கும் தகப்பன் அல்லவா?

மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் ரோமரிடம் போய் வெகு காலமான பிறகு தொகுத்த சட்டம் இது. கூண்டிலே குற்றவாளி இல்லை. தீர்ப்பை நிறைவேற்ற ஆளில்லை. ஆயினும் சாட்சிக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கையை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சம்பாஷணை. அகிபா என்ற மகா பண்டிதரிடம் ரோம ஆளுநன் தினேயுஸ் ரூஃபுஸ், யூதக் கதைகளில் துர்னுஸ் ரூஃபுஸ் என்று வருபவன், கேட்டானாம்: "கடவுள் செய்தது அழகா, மனிதன் செய்தது அழகா?" மனிதன் செய்தது என்றார் அகிபா. அவன் திகைத்துப் போனான். ஒரு பக்கம் கோதுமைக் கதிரும் இன்னொரு பக்கம் பணியாரமும் கொண்டுவரச் செய்து, எது மேல் என்று அகிபா திருப்பிக் கேட்டார். கதிரைக் கொடுத்தவன் கடவுள். அடித்து, தூற்றி, அரைத்து, பிசைந்து, சுட்டு எடுக்க மனிதன் வேண்டும். உலகத்தை அவன் முடித்துக் கொடுக்கவில்லை. முடிக்கிற மாதிரி கொடுத்திருக்கிறான். இந்தக் கதையில் உள்ள துணிச்சல் அதன் காலத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். கலகம் வெடித்தபோது ஆளுநனாக இருந்தவன் அந்த ரூஃபுஸ். அகிபா ரோமர்களால் சித்திரவதை செய்யப்பட்டு மாண்டார் என்பது யூத மரபு. பணியாரத்தைக் காட்டிப் பேசியவரின் முடிவு அது.

எல்லா ரபிகளும் அகிபாவைப் போல் உற்சாகமாகவே இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மனிதன் படைக்கப்பட்டது நல்லதா, படைக்கப்படாமலே இருந்திருந்தால் நல்லதா என்று ஹில்லேல் வழியினரும் ஷம்மாய் வழியினரும் இரண்டரை வருஷம் வாதாடியதாகத் தல்மூத் சொல்கிறது. கடைசியில் வாக்கெடுத்தார்கள். படைக்கப்படாமல் இருந்திருந்தால் தேவலை என்பதே தீர்ப்பு! ஆனால் படைத்தாகிவிட்டதே, ஆகையால் அவனவன் தன் செய்கையைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு பின்குறிப்பு. உலகத்தின் மற்ற மதங்களில் இப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்ததாக நான் படித்ததில்லை.

நடுவே ஆயிரம் ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. மைமோனிதிஸ். ஸ்பெயினின் கார்தோவாவில் பிறந்து, அல்மொஹத் ஆட்சியின் கெடுபிடியால் குடும்பத்தோடு ஊர் ஊராக அலைந்து, எகிப்தில் வைத்தியராக வாழ்ந்து, 1204-இல் இறந்தவர். உலகம் அநாதி, அதற்குத் தொடக்கம் கிடையாது என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கை அன்று படித்தவர்களை ஆட்டிப் படைத்தது. மைமோனிதிஸ் நேர்மையாகச் சொன்னார்: தொடக்கம் உண்டு என்பதும் நிரூபணமாகவில்லை, இல்லை என்பதும் நிரூபணமாகவில்லை. இல்லை என்று நாளைக்கே நிரூபித்துவிட்டால் வேத வாக்கியத்துக்கு வேறு பொருள் சொல்லவும் எனக்குத் தெரியும். ஆனால் எல்லாம் அநாதியாகத் தவிர்க்க முடியாமல் நடக்கிறதென்றால், கட்டளைக்கும் விருப்பத்துக்கும் இடமில்லாமல் போய்விடும். ஆகவே படைப்பின் பக்கம் நிற்கிறேன். வைத்தியர் பேசுவது போலவே இருக்கிறது அல்லவா? நோய் எதுவென்று உறுதியாகாதபோது எந்த மருந்து ஆளைப் பிழைக்க வைக்கும் என்று பார்க்கிறார்.

1492 மார்ச் 31. ஸ்பெயினின் அரசனும் அரசியும் யூதர்களை வெளியேற்றும் ஆணையில் கையெழுத்திட்டார்கள். ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம். ஜூலை முடிவுக்குள் போய்விட வேண்டும். பொன்னும் வெள்ளியும் கொண்டுபோகக் கூடாது. வீட்டைக் கழுதைக்கும் திராட்சைத் தோட்டத்தைக் கொஞ்சம் துணிக்கும் விற்றுவிட்டுப் போனவர்களைப் பற்றி அந்தக் காலத்துக் குறிப்புகள் பேசுகின்றன. சிலர் போர்ச்சுகலுக்குப் போய் 1497-இல் அங்கேயும் கட்டாய ஞானஸ்நானத்தில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் வட ஆப்பிரிக்காவுக்கும் துருக்கி சாம்ராஜ்யத்துக்கும் போனார்கள். துருக்கியர் 1516-இல் பாலஸ்தீனத்தைக் கைப்பற்றிய பின், கலிலேய மலைமேல் ஸஃபேத் என்ற சிற்றூரில் பலர் வந்து கூடினார்கள். கம்பளி நெசவு செய்தார்கள், சாயம் போட்டார்கள். 1577-இல் எபிரேய அச்சுக்கூடம்கூட வைத்தார்கள். யூதச் சட்டத்தை இன்றுவரை ஆள்கிற தொகுப்பைச் செய்த யோசேப் காரோவும் அங்கேதான் இருந்தார். குழந்தையாக ஸ்பெயினை விட்டு வந்தவர்.

அந்த ஊருக்கு 1570 வாக்கில் ஐசக் லூரியா என்பவர் வந்து சேர்ந்தார். வயது முப்பத்தைந்தோ ஆறோ. ஜெருசலேமில் பிறந்து, தகப்பனை இழந்து, எகிப்தில் பணக்கார மாமன் வீட்டில் வளர்ந்தவர். நைல் நதிக்கரையில் வருஷக்கணக்கில் தனிமையில் தவம் இருந்தார் என்பது கதை. அதே மனிதர் மிளகு வியாபாரமும் செய்ததற்கு ஆவணச் சான்று இருக்கிறது. அந்த மிளகு நம் மலையாளக் கரையிலிருந்து போனதாக இருக்கலாம் என்று எண்ணி நான் மகிழ்ந்துகொள்கிறேன். ஸஃபேதில் அவர் இருந்தது சுமார் இரண்டு வருஷம்தான். 1572 ஜூலையில் கொள்ளை நோய் கொண்டுபோயிற்று; வயது 38. எழுதி வைத்தது மிகச் சொற்பம். ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, வாயைத் திறந்தால் கடல் கரை உடைத்துக்கொண்டு வருவது போல் இருக்கிறது, எப்படி எழுதுவேன் என்றாராம். சீடர் ஹையிம் விட்டால் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

லூரியா சொன்ன சிருஷ்டிக் கதை, இதற்கு முந்திய எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. ஆதியில் எங்கும் கடவுளே நிறைந்திருந்தார். அப்படியானால் உலகத்தை எங்கே வைப்பது? ஆகையால் அவர் செய்த முதல் காரியம் எதையும் உண்டாக்குவது அல்ல; தம்மைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கியது. 'த்ஸிம்த்ஸும்' என்று அதற்குப் பெயர். அவர் விலகியதால் ஒரு வெற்றிடம் பிறந்தது. அந்த வெற்றிடத்துக்குள் ஓர் ஒளிக்கதிர் இறங்கியது. ஒளியைத் தாங்குவதற்குக் கலங்கள் இருந்தன. தாங்க முடியவில்லை, கலங்கள் உடைந்தன. பெரும்பகுதி ஒளி வந்த வழியே திரும்பிவிட்டது. பொறிகள் மாத்திரம் உடைந்த ஓடுகளோடு ஒட்டிக்கொண்டு எங்கெங்கோ விழுந்தன. நாம் வாழ்வது அந்த உடைசல்களுக்கு நடுவில். ஒரு வாய் உணவை ஆசி கூறி உண்டாலும், ஒரு நல்ல காரியம் செய்தாலும், ஒரு பொறி விடுபட்டு மேலே போகிறது. எல்லாப் பொறிகளும் போய்ச் சேரும்போது உலகம் சீராகும். அந்த வேலைக்கு 'திக்குன்' என்று பெயர்; செப்பனிடுதல் என்று சொல்லலாம்.

முதல் தடவை இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரதேசம் போனது மனிதர்கள் மட்டும் அல்லவாம், பொறிகளும்தான். ஏன், கடவுளே முதலில் தம் இடத்தை விட்டுப் போனவர். அகதியாகக் கிடக்கிறவன் காதில் இது எப்படி விழுந்திருக்கும்! அவன் ஊர் ஊராக அலைவது தண்டனை அல்ல. அந்தந்த ஊரில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கி எடுப்பதற்கு. என் தொழிலுக்கும் அதில் ஒரு பாடம் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாவலில் ஆசிரியன் எல்லாப் பக்கத்தையும் தானே அடைத்துக்கொண்டு நின்றால் பாத்திரங்களுக்கு மூச்சு முட்டிவிடும். கொஞ்சம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் சில சமயம் கலம் உடைந்துவிடுகிறது என்பதும் எனக்கு அனுபவம்.

லூரியாவின் கொள்கைக்கும் ஸ்பெயினின் வெளியேற்றத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டியவர் கெர்ஷோம் ஷோலெம். பெர்லினில் 1897-இல் பிறந்து, 1923-இல் ஜெருசலேமுக்குக் குடிபோன அறிஞர். யூத மறைஞானத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1941-இல் வந்தது. அதை வால்டர் பென்யமின் என்ற நண்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். பென்யமின் 1940 செப்டம்பரில் நாஜிகளிடமிருந்து தப்பி, பிரான்சிலிருந்து மலைவழியாக ஸ்பெயினுக்குள் நுழைந்தார். திருப்பி அனுப்பிவிடுவோம் என்று எல்லையில் சொன்னார்கள். அன்றிரவு போர்ட்போ என்ற அந்த எல்லை ஊரிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எந்த நாடு ஒரு காலத்தில் வெளியே போ என்றதோ, அந்த நாட்டின் வாசற்படியில்! ஷோலெமின் ஆராய்ச்சியைப் படிக்கும்போது இந்தக் காணிக்கைப் பக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அவருக்குப் பின்வந்த மோஷே இதேல் முதலியோர் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. 1492-க்கும் லூரியாவுக்கும் இடையே எண்பது வருஷம் ஆகிவிட்டது. சுருங்குதல் என்ற கருத்து அதற்கு முந்திய நூல்களிலேயே உண்டு. வெளியேற்றத்தைப் பற்றி லூரியா நேராக எதுவும் பேசவில்லை. அவருடைய தகப்பன் வழியும் ஸ்பெயின் வழி அல்ல என்கிறார்கள். நியாயமான ஆட்சேபங்கள்தான். ஆனால் பாட்டி வீட்டை விட்டு ஓடி வந்த கதை பேரனின் கனவில் வருவதற்கு எண்பது வருஷம் அதிகமா என்ன? நான் ஷோலெம் பக்கம் சாய்கிறேன், நிரூபிக்க முடியாது என்று தெரிந்தே. மைமோனிதிஸைப் போல!

இந்தக் கொள்கைக்கு ஓர் ஆபத்தும் இருந்தது. செப்பனிடும் வேலை முடியப் போகிறது என்று நம்பியவர்கள், 1665-இல் ஸப்பத்தாய் ஸேவி என்பவரை மீட்பர் என்று கொண்டாடினார்கள். பல ஊர்களில் மக்கள் சொத்தை விற்று மூட்டை கட்டினார்கள். மறு வருஷம் செப்டம்பரில் அவர் சுல்தான் முன்னிலையில் தலைப்பாகை மாற்றி முஸ்லிமாகிவிட்டார். மூட்டை கட்டியவர்கள் அதை அவிழ்த்து வைத்தபோது முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை யாராவது நாவலாக எழுத வேண்டும்.

நாஜிகளால் தாயையும் சகோதரிகள் சிலரையும் இழந்து, அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்த ஆபிரகாம் யோசுவா ஹெஷெல் 1951-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அறுபது லட்சம் பேர் மாண்டு ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. நூல் அந்தக் கொலைகளைப் பற்றியது அல்ல. ஓய்வு நாளைப் பற்றியது. இடத்தில் கட்டுவதை விடக் காலத்தில் கட்டுவது மேல் என்பது அதன் சாரம். வேதத்தில் முதன்முதல் 'புனிதம்' என்ற சொல்லைப் பெறுவது மலையோ கோயிலோ அல்ல, ஒரு நாள் என்று எடுத்துக் காட்டுகிறார். பாபிலோனில் ஆரம்பித்த பேச்சு நியூயார்க்கிலும் நின்றபாடில்லை.

ஸஃபேதில் லூரியாவும் அவருடைய சகாக்களும் வெள்ளிக்கிழமை மாலையில் வெள்ளை உடுத்தி ஊருக்கு வெளியே வயல்வெளிக்குப் போவார்களாம். படைப்பின் ஏழாம் நாளை மணப்பெண்ணாகப் பாவித்து எதிர்கொண்டு அழைத்து வருவதற்கு. அந்த ஊரில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபெட்ஸ் அதற்கென்று ஒரு பாட்டுக் கட்டினார். ஒவ்வொரு அடியின் முதல் எழுத்தையும் கோத்தால் அவர் பெயர் வரும். யூதர்கள் போன இடமெல்லாம் அந்தப் பாட்டும் போயிற்று. கடைசி அடி வந்ததும் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து, பெட்டகத்துக்கு முதுகைக் காட்டி, வாசற்பக்கம் திரும்பி நிற்பார்கள்.

நான் மட்டாஞ்சேரிக்குப் போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். கல்வெட்டைக் காட்டிய பெரியவர், நேரமாகிவிட்டது, கதவைப் பூட்ட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். 1948-க்குப் பிறகு அங்கிருந்த யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"இன்று சாயங்காலம் பிரார்த்தனை உண்டா?" என்று கேட்டேன்.

வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் சபை கூடலாம் என்று விதி. பத்துப் பேர் இல்லை என்றார். வெளிநாட்டு யாத்திரிகர்கள் யாரேனும் வந்தால் சில வாரங்களில் எண்ணிக்கை நிறையுமாம். "வராவிட்டால்?" என்றேன். அவர் சாவிக் கொத்தில் சரியான சாவியைத் தேடிக்கொண்டே, "விளக்கு மட்டும் ஏற்றிவைப்பார்கள், சாரே" என்றார்.